பிழையும் பிணியும்

சென்ற கல்வியாண்டின் இடைப்பகுதியில் ஒருநாள். இஷாத் தொழுகை முடிந்து பள்ளியின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைக்கப்பட்டுக் கொண்டிருந்த வேளையில், நம் மஹல்லாவைச் சேர்ந்த அன்பர் ஒருவர் நம்மை அணுகிச் சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார். ஒரகடத்தில் வாகன உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலமாக ஒப்பந்தத் தொழிலாளியாக உழைப்பவர் அவர். அவருடைய மூத்த மகன் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். உறையில் இருந்தது கல்லூரியின் குறிப்பாணை. ஆங்கிலத்தில் ஒரு பக்கம்.

மாணவன் நள்ளிரவில் விடுதிக் காப்பாளர் அறையின் சன்னல் கண்ணாடியை உடைத்தான். தடுக்க வந்த அறைத்தோழனைத் தள்ளியதில் அத்தோழனின் மணிக்கட்டு பிசகிற்று. தகாத சொற்களைப் பேசினான். ஏன் கல்லூரியை விட்டு நீக்கலாகாது என்று ஏழு நாள்களுக்குள் விளக்கம் தரவேண்டும். இதுவே குறிப்பாணையின் சாரம். நடந்ததைத் தந்தையும் மறுக்கவில்லை, மகனும் மறுக்கவில்லை. ஆனால் குறிப்பாணையில் இல்லாத செய்தியொன்று உண்டு. அந்த இரவுக்கு முன் ஒரு வார காலமாக அப்பிள்ளை உறங்கவே இல்லை. ஓயாத பேச்சு, அடங்காத எழுச்சி. முந்தைய ஆண்டிலோ மூன்று வாரம் பாயை விட்டு எழாமல் கிடந்தான். வீட்டார் அதைச் சோம்பல் என்று எண்ணிக் கடிந்தனர். இப்போது அரசு மருத்துவமனையில் காட்டியபின், இவ்விரண்டும் மாறிமாறி வருகின்ற ஒரே நோய் என்றும், 'பைபோலார்' என்பது அதன் பெயர் என்றும், தொடர்ந்து மருந்து உட்கொண்டால் கட்டுக்குள் இருக்கும் என்றும் மருத்துவர் கூறியிருக்கிறார்.

"ஹஜ்ரத், புள்ளைக்கு மனநோய்ன்னு எழுதிக் கொடுத்தா நாளைக்கு எந்தக் கம்பெனிக்காரன் வேலை தருவான்? எழுதாம விட்டா ரவுடின்னு சொல்லி வெளியே அனுப்பிடுவாங்க. நான் எதை எழுதட்டும்?" என்றார் அவர். அவருடைய குரல் தழுதழுத்தது.

குற்றவாளி, அல்லது பைத்தியக்காரன். இவ்விரு பெயர்களில் ஒன்றைத் தன் மகனுக்குத் தேர்ந்தெடுக்குமாறு ஒரு தந்தை நிர்ப்பந்திக்கப்படுகிறார். உண்மையில் இவ்விரண்டுதாம் உளவா? இக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

ஒரு சொல்லின் சுமை

அரபும் தமிழும் கற்பிப்பது நம் தொழில். ஆதலின் சட்டம் பயின்றவராக அன்றி, ஒரு பனுவலை வாசிப்பவராகவே அக்குறிப்பாணையை வாசித்தோம். அதன் இரண்டாம் வரியிலேயே ஒரு சொல் நம்மைத் தடுத்து நிறுத்திற்று. 'வேண்டுமென்றே' என்னும் பொருள் தரும் சொல் அது. மாணவன் வேண்டுமென்றே கண்ணாடியை உடைத்தான் என்கிறது குறிப்பாணை. விசாரணையோ இன்னும் தொடங்கவில்லை!

கண்ணாடி உடைந்தது கண்ணால் கண்ட செய்தி. தோழனின் மணிக்கட்டு பிசகியதும் அத்தகையதே. ஆனால் 'வேண்டுமென்றே' என்பது கண்ணால் காணக்கூடியதன்று. அது உள்ளத்தின் நிலை. நிய்யத்து என்று நாம் எதனைச் சொல்கிறோமோ அது. எதனை அறிவதற்காக விசாரணை கூடுகிறதோ, அதனை விசாரணைக்கு முன்பே முடிவு செய்துவிட்டது அந்த ஒற்றைச் சொல். குறிப்பாணை எழுதியவர் தீய எண்ணத்தோடு எழுதியிருப்பார் என்று நாம் கருதவில்லை. பழைய படிவமொன்றில் பெயரையும் தேதியையும் மாற்றி அனுப்பியிருக்கக் கூடும். படிவத்தில் இருக்கும் சொல்லும் ஒருவன் தலையில் தீர்ப்பாக இறங்கும் என்பதை எழுதுவோர் மறந்துவிடுகின்றனர்.

கல்லூரியின் ஒழுங்கு விதிக் கையேட்டையும் வாங்கிப் பார்த்தோம். இன்ன குற்றத்துக்கு இன்ன தண்டனை என்று அட்டவணை இருக்கிறது. செய்தவன் எந்நிலையில் செய்தான் என்று கேட்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. இதைக் கேட்ட அந்தத் தந்தை, "எங்க கம்பெனியிலே நிரந்தரத் தொழிலாளிக்குச் சார்ஜ் மெமோ வந்தா என்கொயரியிலே சங்கத்து ஆளு கூட உட்காரலாம் ஹஜ்ரத், இவனுக்கு யாரு உட்காருவா?" என்று வினவினார். எளிய மனிதரின் கேள்வி, ஆனால் ஆழமானது. தொழிற்சாலைகளுக்கென 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி நிலையாணைகளில், தண்டனை விதிப்பவர் குற்றத்தின் கடுமையையும், தொழிலாளியின் முந்தைய நடத்தையையும், குற்றத்தைத் தணிக்கும் சூழ்நிலைகளையும் கருத வேண்டும் என்ற விதி இருந்தது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை இயந்திரங்களுக்கு நடுவே நின்ற தொழிலாளிக்கு ஏட்டளவிலேனும் கிடைத்த இந்த நியாயம், அதே சாலையில் இருக்கும் கல்விக்கூடத்தின் கையேட்டில் இடம் பெறவில்லை.

நம்மவர் வழங்கும் இரு தீர்ப்புகள்

கல்லூரியை மட்டும் குறை கூறி அமைவது நேர்மையாகாது. செய்தி மஹல்லாவில் பரவியதும் நம்மவரும் இரு தீர்ப்புகளை வழங்கினர். "கண்டிப்பு இல்லாத வளர்ப்பு, நாலு அறை விட்டால் சரியாகிவிடும்" என்றார் ஒரு சாரார். "பிள்ளையை ஏதோ பிடித்திருக்கிறது, ஏர்வாடிக்குக் கொண்டுபோய்ச் சில மாதம் வையுங்கள்" என்றார் மற்றொரு சாரார்.

ஏர்வாடி என்ற பெயரைக் கேட்டதும் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் நம் நினைவுக்கு வரவேண்டும். அங்கிருந்த மனநலக் காப்பகம் ஒன்றில் விடியற்காலையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட இயலாமல் கருகினர். மாண்டவர் 28 பேர். அவர்களை அங்கே விட்டுவந்தவர்கள் பகைவர் அல்லர். பெற்ற தாய் தந்தையரும் உடன்பிறந்தோருமே. அன்பு இருந்தது, அறிவு துணைநிற்கவில்லை. அதன்பின் உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்விஷயத்தை விசாரணைக்கு எடுத்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று வெளிப்படையாகவே தடுத்துவிட்டது.

அறைய வேண்டும் என்பவர் நோயைக் காணவில்லை. கட்டிவைக்க வேண்டும் என்பவர் மனிதனைக் காணவில்லை. முன்னவர் பொறுப்பு முழுவதையும் அவன் தலையில் சுமத்துகிறார். பின்னவர் பொறுப்பு என்னும் தகுதியையே அவனிடமிருந்து பறித்துவிடுகிறார். இரண்டுமே அநீதி.

ஃபிக்ஹு பிரித்துக் காட்டுவது

அறிவைக் குறிக்கும் 'அக்ல்' என்னும் அரபுச் சொல், ஒட்டகத்தின் காலைக் கட்டும் கயிற்றைக் குறிக்கும் 'இகால்' என்பதோடு ஒரே வேரில் பிறந்தது. மனிதனை உள்ளிருந்து நிறுத்திப் பிடிப்பது அறிவு. அக்கயிறு தளர்ந்தவனிடம் மார்க்கம் எப்படிக் கணக்குக் கேட்கிறது?

உறங்குபவர், சிறுவர், அறிவு மாறியவர் ஆகிய மூவரிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்னும் பொருளில் அமைந்த நபிமொழியை நம்மில் அறியாதார் இலர். அது நடைமுறையில் எவ்வாறு செயற்பட்டது என்பதே கருதத்தக்கது. மாஇஸ் என்பவர் தாமே முன்வந்து தம் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் உடனே தண்டனையைக் கூறிவிடவில்லை. இவருக்கு அறிவில் ஏதேனும் குறையுண்டா என்று அவருடைய கூட்டத்தாரிடம் விசாரித்தார்கள். குற்றவாளியே ஒப்புக்கொண்ட பின்னரும் அக்கேள்வி கேட்கப்பட்டது! கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் மனநோயுற்ற பெண்ணொருத்தி தண்டனைக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். அலீ (ரலி) அவர்கள் குறுக்கிட்டு மேற்படி நபிமொழியை நினைவூட்ட, உமர் (ரலி) அவர்கள் அவளை விடுவித்தார்கள். நாடாளும் தலைவர் தம் ஆணையைத் திருத்திக்கொண்டார். அதனால் அவருடைய பெருமை குன்றவில்லை.

இத்துடன் நின்றுவிட்டால் பாதிச் செய்தியே ஆகும். அறிவு மாறியவர் பிறர் பொருளைச் சேதப்படுத்தினால் அவருக்குப் பாவம் இல்லை; எனினும் சேதத்துக்கான ஈடு, அதாவது 'ளமான்', அவருடைய பொருளிலிருந்து கொடுக்கப்பட வேண்டும் என்று ஃபுகஹாக்கள் வகுத்தனர். பாவம் வேறு, ஈடு வேறு. பொருளை இழந்தவன் செய்தவனின் நோயைக் காரணமாகக் கொண்டு நட்டப்படலாகாது. பாதுகாக்கும் பொறுப்போ வலீயைச் சாரும். ஆகக் குற்றம், ஈடு, பாதுகாப்பு என்று மூன்று வினாக்கள். ஒன்றன் விடையைக் கொண்டு மற்றொன்றைத் தீர்த்துவிட முடியாது.

இன்னும் நுணுக்கமாகவும் ஆராய்ந்தனர். இடைவிடாத அறிவு மாற்றம் வேறு. வந்து வந்து நீங்குவது வேறு. தெளிந்திருக்கும் வேளையில் செய்தவற்றுக்கு அவர் பொறுப்பாளியே. மனிதத் தகுதியைப் பாதிக்கும் தடைகளை, இறைவன்புறத்து வந்தவை என்றும் தானே தேடிக்கொண்டவை என்றும் ஹனஃபி உஸூல் நூலார் இரண்டாகப் பகுத்தனர். நோய் முன்னதில் அடங்கும். தானே விரும்பி அருந்திய போதை பின்னதில் அடங்கும். கஞ்சா உட்கொண்டு தோழனை அடித்தவனும் நோயின் உச்சத்தில் தள்ளியவனும் ஒன்றல்லர் என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டுமா?

நாட்டின் சட்டம் வந்த வழி

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, சித்தசுவாதீனம் இன்மையால் தன் செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய இயலாதவரின் செயல் குற்றமன்று என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவில் அதுவே 22ஆம் பிரிவு. இந்த வாயில் மிகக் குறுகியது. 'அறிந்தானா' என்ற ஒன்றையே அது கேட்கிறது. 'அறிந்தும் அடக்க இயன்றதா' என்று கேட்பதில்லை. சோர்வு நோயோ எழுச்சி நோயோ உடைய மாணவர் மிகப் பலர் இவ்வாயிலில் நுழைய மாட்டார். கல்லூரி விசாரணையில் இந்த அளவுகோலை மட்டும் பிடித்துக்கொண்டால், "உடைப்பது தவறென்று உனக்குத் தெரியும் அல்லவா?" என்ற ஒரே கேள்வியோடு எல்லாம் முடிந்துவிடும்.

இதற்கு மாறான வேறொரு வழியை 2021 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் திறந்தது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் அதிகாரி ஒருவர் சோர்வு நோய்க்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் சிகிச்சை பெற்று வந்தவர். கொல்வது அல்லது கொல்லப்படுவது என்ற எண்ணம் தம்மை ஆட்கொண்டிருப்பதாகக் கூறினார் என்பதும் அவர்மீது வந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஒழுங்கு நடவடிக்கை தொடங்கிற்று. நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு, மனநலக் குறை உடையவர்மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்குவதே மறைமுகப் பாகுபாட்டின் ஒரு முகம் என்றது. நோயே முழுக் காரணம் என்று அவர் நிறுவ வேண்டியதில்லை. காரணங்களுள் அதுவும் ஒன்று என்று காட்டினால் போதும் என்றது. அந்நடவடிக்கையை நீக்கியது. நோயற்றவர் எளிதில் கைக்கொள்ளும் விதி, நோயுற்றவருக்குச் சுமக்கலாகாத பாரமாகும் என்பதே அத்தீர்ப்பின் உட்கருத்து.

அத்துடன் நில்லாமல், தற்போதைய பணிக்கு அவர் தகுதியற்றவர் எனக் காணப்பட்டால், ஊதியம் குறையாமல் மாற்றுப் பணி தரவேண்டும் என்றும், அம்மாற்றுப் பணி துப்பாக்கி போன்ற ஆபத்தான கருவிகளைக் கையாளுவதாக இல்லாதபடி அதிகாரிகள் பார்த்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. தண்டனை வேறு, பாதுகாப்பு வேறு! ஃபிக்ஹு நூல்களைப் பாடம் சொல்லும் நமக்கு இவ்வரிகளைக் கண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சி சிறிதன்று.

எனினும் குறையையும் சொல்லத்தான் வேண்டும். அத்தீர்ப்பு எழுந்தது வேலைவாய்ப்பைப் பற்றி. அது ஆதாரமாகக் கொண்ட, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு நேரே கட்டுப்படுத்துவது அரசு நிறுவனங்களையே. தனியார் கல்லூரி மாணவனுக்கும் தனியார் தொழிற்சாலையில் வேலை தேடும் இளைஞனுக்கும் அதன் நிழல் எட்டுகிறதே தவிர, அதன் கூரை எட்டவில்லை. ஆகவே அந்தத் தந்தையின் அச்சத்தை வீண் அச்சம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

அறைத்தோழனுக்கும் நீதி வேண்டும்

"அப்படியானால் மருத்துவச் சீட்டு ஒன்றைக் காட்டி யார் வேண்டுமானாலும் தப்பிக்கலாமா?" என்று கேட்பவர் உளர். நியாயமான கேள்வியே. மணிக்கட்டு பிசகிய பிள்ளையும் ஒரு தாயின் மகன். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டதையும், அதன் விளைவாகவே 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் பிறந்ததையும் நாம் மறக்கலாகாது. விடுதியில் உறங்கும் ஒவ்வொரு பிள்ளையின் உயிருக்கும் நிர்வாகம் பொறுப்பு. கண்டிப்பு அங்கே கருணையின் இன்னொரு பெயர்.

ஆயினும், விசாரணை சரியாக நடந்தால் மட்டுமே போலிச் சீட்டு பிடிபடும் என்பதை எண்ணிப் பாருங்கள். நோயைப் பற்றிக் கேட்காத விசாரணை, உண்மையான நோயாளியையும் பொய்யனையும் ஒரே தட்டில் நிறுத்துகிறது. நோயே இல்லாமல் செய்தவனுக்குத் தண்டனை உரியது. நோயால் செய்தவனையும் தோழனுக்கு அருகே அதே அறையில் வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அறையை மாற்றலாம், சில மாதம் விடுப்பளித்து மருத்துவரின் சான்றோடு திரும்பச் சொல்லலாம். ஆனால் அதைத் தண்டனை என்ற பெயரில் செய்யலாகாது.

நோயையே குற்றமாக்கினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. 2004இல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் சோர்வு நோய் மிகுந்து தாமே மருத்துவமனையில் சேர்ந்தார். பல்கலைக்கழகமோ அவரை விடுதிக்குள் வரலாகாது என்று தடுத்து, ஒழுங்கு விதியை மீறியதாக நடவடிக்கையும் எடுத்தது. அவர் வழக்குத் தொடுக்க, 2006இல் அது சமரசத்தில் முடிந்தது. சிகிச்சை தேடியவனைத் தண்டித்தால், அடுத்தவன் சிகிச்சை தேடுவானா?

கேட்க வேண்டிய மூன்று

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கல்வி நிறுவனங்களுக்கென 15 வழிகாட்டுதல்களை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்பதும், ஆசிரியருக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரைப் போக்கிக்கொண்டனர் என்னும் அரசின் கணக்கே அதற்குத் தூண்டுகோல். போற்றத்தக்க பணி. ஆனால் ஆலோசகரை ஓர் அறையிலும் ஒழுங்குக் குழுவை மற்றோர் அறையிலும் அமர்த்தி, இடையே கதவை மூடிவிட்டால் பயன் என்ன?

ஒழுங்குக் குழு அமரும்போது மூன்றைத் தனித்தனியே கேட்கட்டும். செயல் நடந்தபோது இவன் எந்நிலையில் இருந்தான்? இழந்தவருக்கு ஈடு என்ன? இனி எல்லாரையும், இவனையும் சேர்த்து, எவ்வாறு காப்பது? முதற் கேள்விக்கு விடை மருத்துவரிடமிருந்து வரட்டும். மாணவன் பக்கத்தில் அவன் நம்பும் ஒருவர் அமரட்டும். 'வேண்டுமென்றே' என்ற சொல், விசாரணையின் இறுதியில் தேவையானால் மட்டும் எழுதப்படட்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். நாம் மறைக்கிறோம். பெண் கொடுப்பார் எடுப்பார் என்ன சொல்வரோ என்று அஞ்சி மறைக்கிறோம். சர்க்கரை நோயைச் சபையில் சொல்லும் நாம், மனத்தின் நோயை மனைவியிடமும் சொல்லத் தயங்குகிறோம். மனநோய் என்ற மருத்துவ முடிவு ஒன்றே ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவர் ஆக்கிவிடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பிள்ளை உறங்காத முதல் வாரத்திலேயே வாய் திறந்திருந்தால் கண்ணாடி உடைந்திராது. மருத்துவமனைக்குச் செல்லக் கூசுவோர் 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில், பெயர் சொல்லாமலேயே தமிழில் பேசலாம்.

அன்றிரவு நாம் அந்தத் தந்தையுடன் அமர்ந்து பதிலை எழுதினோம். மருத்துவச் சான்றைத் தனி உறையில் மூடி, விசாரணைக் குழுவினர் மட்டும் காணுமாறு வேண்டிக்கொண்டோம். கடிதத்தை முடிக்குமுன், அதுவரை மூலையில் தலைகுனிந்து அமர்ந்திருந்த பிள்ளை, "அத்தா, நானும் எழுதணும்" என்றான். தன் கையாலேயே எழுதினான்: கண்ணாடியை உடைத்தது தான்தான் என்றும், அதன் விலையைத் தருவதாகவும், தோழனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டதாகவும், அன்றிரவு தான் நோயில் இருந்ததாகவும், இப்போது மருந்து உட்கொள்வதாகவும், படிக்க விரும்புவதாகவும் ஐந்தாறு வரிகள். பிழையையும் ஒப்புக்கொண்டான், பிணியையும் ஒப்புக்கொண்டான். ஒன்றை மற்றொன்றின் பின்னால் ஒளித்துவைக்கவில்லை. கற்றறிந்தோர் பலர் கூடிப் பிரிக்க இயலாத இரண்டை, அவன் எளிதாகப் பிரித்துவிட்டான்.

கல்லூரியும் செவிசாய்த்தது. நீக்கம் கைவிடப்பட்டது. ஒரு பருவம் விடுப்பு; கண்ணாடிக்கு ஈடு; திரும்பியதும் வேறு அறை. இப்போது பிள்ளை படிப்புக்குத் திரும்பிவிட்டான். ஆனால் குழுவின் தீர்மானத்தில் 'வேண்டுமென்றே' என்ற சொல் இன்னும் இருக்கிறது. கோப்பிலிருந்து அதை நீக்குமாறு தந்தை விண்ணப்பித்திருக்கிறார். அடுத்த ஆண்டு வேலைக்கு ஆள் எடுக்க ஒரகடத்திலிருந்து கம்பெனியார் வருமுன் அதற்கு விடை வரவேண்டும்.